மலை வீட்டுக்கு ஒரு நிழல் மரம்: சோலை நாவலை விதையிலிருந்து வளர்க்கும் முறை

நீலகிரியில் ஒருவர் ‘ஓக் மரம்’ என்று சொன்னால், அவர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தின் நடுவே நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக்கைத்தான் சொல்கிறார். பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் குடும்பத்து மரம் இல்லை. தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் தருவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். நூல்களில் கருவாலி என்று எழுதப்படும் உண்மையான ஓக், இமயமலைச் சரிவுகளில் காடு காடாக இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது தானாக வளர்வதில்லை. உதகையில் அங்கங்கே தென்படும் கருவாலிகள் ஆங்கிலேயர் தங்கள் ஊர் நினைவாகக் கொண்டுவந்து நட்டவை. ஆகவே, ‘இந்த மலைக்கே உரிய ஓக் கன்று எங்கே கிடைக்கும்’ என்று கேட்கிறவர்களுக்கு, அப்படி ஒன்று கிடையாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஓக்கிடம் அவர்கள் எதிர்பார்க்கும் அகன்ற குடையும் கெட்டியான உடம்பும் தலைமுறை தாண்டும் ஆயுளும் நம் சோலைக்காட்டு நாவலிடம் இருக்கின்றன.

சோலை நாவல் என்று நான் சொல்வது, சமவெளியில் தெருவோரம் விற்கும் நாவற்பழத்தின் மரத்தை அல்ல, அதன் மலை உறவுகளை. நீலகிரியிலும் பழனி மலையிலும் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள சோலைகளில், அதாவது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காடுகளில், நாவல் இனங்கள் பல இருக்கின்றன. தூரத்திலிருந்து சோலையைப் பார்க்கும்போது காலிஃபிளவர் அடுக்கியதுபோல உருண்டு உருண்டு தெரியும் மேற்கூரையில் கணிசமான பகுதி இவற்றுடையது. கொழுந்து விடும் காலத்தில் அந்தக் கூரையின் மேல் செம்பு பூசியதுபோல ஒரு நிறம் படரும். இரண்டு மூன்று வாரத்தில் அது பச்சையாகிவிடும். கோத்தகிரியில் உள்ளவர்கள் லாங்வுட் சோலையின் ஓரமாக நடந்தாலும், கொடைக்கானலில் உள்ளவர்கள் பாம்பார் சோலைப் பக்கம் போனாலும் வளர்ந்த மரங்களைப் பார்க்கலாம். நடுவதற்கு முன் ஒரு முறையாவது அவற்றின் அடியில் நின்று மேலே பாருங்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

கீழே சொல்வதெல்லாம் கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் உள்ள என் வீட்டுத் தோட்டத்தில் செய்து, பலமுறை தவறி, கற்றுக்கொண்டவை. சோலையின் மற்ற மரங்களான காட்டுச் செண்பகத்துக்கும் விக்கி மரத்துக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இடம்

சமவெளியில் வீட்டுக்கு நிழல் வேண்டும் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் அப்படியில்லை. இங்கே வெயில் ஒரு செல்வம். துணி காய்வதற்கும், சுவர் பாசி பிடிக்காமல் இருப்பதற்கும், டிசம்பரில் வயதானவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து முதுகைக் காய்ச்சுவதற்கும் அது வேண்டும். நிழல் மரத்தைத் தவறான பக்கத்தில் நட்டுவிட்டு, இருபது ஆண்டுக்குப் பிறகு வீடு முழுக்க ஈரவாடை அடிக்கிறது என்று மரத்தைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாம் ஏறக்குறைய 10 முதல் 11½ பாகை வட அட்சத்தில் இருக்கிறோம். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். அந்தக் கணக்கில் 12 மீட்டர் உயரமுள்ள மரம் உச்சிவேளையிலேயே வடக்கு நோக்கி 8 மீட்டருக்கு மேல் நிழல் விழச் செய்யும். காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும். எனவே வீட்டுக்குத் தெற்கே, குறிப்பாகத் தென்கிழக்கே, நடாதீர்கள். குளிர்கால வெயில் முழுவதும் போய்விடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருப்பதால், வீட்டின் மேற்கிலோ வடமேற்கிலோ நிற்கும் மரம் மே மாதப் பிற்பகலில் நிழல் தரும், டிசம்பரில் குறுக்கே வராது. நீலகிரியின் மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்றின் முதல் அறையை மரம் வாங்கிக்கொள்ளும்.

சுவரிலிருந்து குறைந்தது 8 மீட்டர் தள்ளி நட வேண்டும். மலைச்சரிவில் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர் இருந்தால், அதன் தலைப்பில் நடாமல் 4, 5 மீட்டராவது விலகிக்கொள்ளுங்கள். மரத்தின் எடையும், மழையில் ஊறிய மண்ணின் எடையும் சேர்ந்தால் கருங்கல் சுவரும் வயிறு தள்ளும். மின்கம்பிக்குக் கீழே நடக்கூடாது என்பதை எல்லாரும் அறிவார்கள், ஆனாலும் நடுகிறார்கள்.

பள்ளத்தின் அடியைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவிலும் உதகைக் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்லெல்லாம் உப்பு கொட்டியதுபோல வெளுத்திருக்கும் காலையில், நூறடி மேலே உள்ள சரிவில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். அந்த நூறடி வித்தியாசம் கன்றுக்கு உயிர்போகும் விஷயம். சரிவின் நடுப்பகுதி நல்லது; முன்பே நிற்கும் ஏதாவது மரத்தின் அரைநிழல் இருந்தால் இன்னும் நல்லது.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நிலத்தில் இயற்கையான மலைப்புல்வெளி மிச்சமிருந்தால் அதில் இந்த மரத்தையோ வேறு எந்த மரத்தையோ நடாதீர்கள். சோலை பள்ளங்களிலும் மடிப்புகளிலும், புல்வெளி முகடுகளிலும் மேட்டிலும் என்று பிரிந்து கிடப்பதுதான் இந்த மலையின் அமைப்பு. 1840-களில் தொடங்கிக் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) ‘வெறுமையாகக் கிடக்கிறது’ என்று புல்வெளியில் நட்டதன் விளைவை இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டுத் தோட்டம், கைவிட்ட காய்கறிப் பாத்தி, தேயிலையின் ஓரம், பனி தேங்காத ஓடைக்கரை ஆகியவைதாம் நாவலுக்கு உரிய இடங்கள்.

விதை

கன்றாக வாங்குவது சுலபம். ஆனால் என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒரு நாற்றுப்பண்ணையில் ‘மலை நாவல்’ என்று சொல்லிக் கொடுத்த ஆறு கன்றுகளை நட்டேன். ஜனவரி இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தது. காலை பத்து மணிக்கு ஆறும் வெந்த கீரைபோலத் தொங்கின. விசாரித்தபோதுதான், கீழே சமவெளியில் முளைக்கவைத்து லாரியில் ஏற்றி வந்த சாதாரண நாவல் அவை என்று தெரிந்தது. சமவெளி நாவல் கெட்ட மரமில்லை, ஆனால் குளிர் பழகாத கன்றுகளை இந்த உயரத்தில் இறக்குவது வீண். வாங்குவதானால் உங்கள் உயரத்திலேயே, கூரையில்லாத பண்ணையில் ஒரு குளிர்காலத்தையாவது தாண்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விதையிலிருந்து தொடங்குங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

தாய்மரத்தைத் தேடும்போது காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதியின்றி அங்கே பழம் பொறுக்குவதும் குற்றம்தான். சாலையோரத்தில், கோயில் சோலைகளில், எஸ்டேட்டுகளுக்குள் ஓடையை ஒட்டி விட்டுவைக்கப்பட்ட துண்டுச் சோலைகளில் நிற்கும் மரங்களே போதும். உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழம் எப்போது பழுக்கும் என்பது இனத்துக்கு இனம், சரிவுக்குச் சரிவு மாறும். நாள்காட்டியைவிடப் பறவைகளை நம்பலாம். நீலகிரிக் காட்டுப்புறாக்கள் ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதும், கருமந்திகள் அதைவிட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதும் பழம் பழுத்துவிட்டதற்கான அறிவிப்பு. மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டாம். அடியில் உதிர்ந்த, கருநீலமாகக் கனிந்த பழங்களில் புழுத்துளை இல்லாதவற்றைப் பொறுக்குங்கள். முடிந்தால் நான்கைந்து மரங்களிலிருந்து கலந்து எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம் இருக்கும்.

பலர் தோற்பது இதற்கடுத்த கட்டத்தில். அவரையையும் பீன்ஸையும் விதைக்கு எடுத்துப் பழகிய கை, எந்த விதையையும் வெயிலில் காயவைக்கத்தான் போகும். நானும் அப்படித்தான் நாவல் விதைகளைச் செய்தித்தாளில் பரப்பி மொட்டைமாடியில் பத்து நாள் காயவைத்து, ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தேன். அடுத்த மாதம் விதைத்த நூற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. சோலை மரங்களில் பலவற்றின் விதை உறங்கும் விதை அல்ல. ஈரத்தோடு விழுந்து ஈரத்திலேயே முளைக்கப் பழகியது. உலர்ந்தால் செத்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தாலும் பிழைக்காது. பழத்தைப் பொறுக்கிய அன்றே வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து சதையை நீக்குங்கள். மிதப்பவற்றை எறிந்துவிட்டு, மூழ்கியவற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். நிழலில் ஒரு சாக்கின்மேல் ஓர் இரவு நீர் வடியவிட்டு, மறுநாளே விதைத்துவிட வேண்டும். தவிர்க்க முடியாமல் தாமதமானால் ஈர மணலிலோ ஈரப் பாசியிலோ புதைத்து ஒரு வாரம் வைத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

செண்பகத்தின் விதையும் இப்படியே அவசரக்காரன். அதன் மேலுள்ள சிவந்த, எண்ணெய்ப் பசையுள்ள தோலைச் சாம்பல் தொட்டுத் தேய்த்து நீக்க வேண்டும். விக்கி மட்டும் எதிர்த்திசை. உருத்திராட்சத்தின் உறவான அதன் கொட்டை கல்லைப் போன்றது. விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்த ஆண்டு வரவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடக் கூடாது.

விதைக்க ஓட்டையுள்ள பழைய மீன் பெட்டியோ மரத்தட்டோ போதும். சலித்த ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு. விதையைப் படுக்கையாக வைத்து, அதன் கனத்துக்கு மேல் மண் போடாமல் மூடி, மேலே ஒரு விரல் அளவு காய்ந்த இலையைத் தூவுங்கள். எலி வரும் இடமாக இருந்தால் கோழி வலையால் மூடுங்கள்; எலிக்கு இது நிலக்கடலை மாதிரி. குளிரில் முளைப்பு மெதுவாக இருக்கும். என்னிடம் ஆறேழு வாரத்தில் முதல் முளை வந்தது, கடைசி முளை வர மூன்று மாதமானது. நாவல் இனங்களில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று தண்டு எழுவதுண்டு. அப்படி வந்தால் வலுவானதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பிரித்து நடப் பார்த்தால் எல்லாமே வாடிவிடும்.

பையில் இரண்டு ஆண்டு

நான்கு இலை வந்ததும் நாற்றுப் பைக்கு மாற்ற வேண்டும். பை ஆழமாக இருக்கட்டும். குட்டைப் பையில் ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருள் பாம்பாகச் சுற்றிக்கொள்ளும், பத்தாண்டு கழித்து ஒரு ஜூலைக் காற்றில் மரம் வேரோடு சாயும்போதுதான் அது தெரியும். மண் கலவையில் சுண்ணாம்போ சாம்பலோ அதிகம் சேர்க்காதீர்கள். இந்த மலை மண் புளிப்பானது, சோலை மரங்கள் அந்தப் புளிப்புக்குப் பழகியவை. இரசாயன உரம் தேவையில்லை. காய்கறிப் பாத்தி மண்ணை எடுக்கவே வேண்டாம். அதில் உரம் மிகுந்திருக்கும், வேர்ப்புழுவும் சேர்ந்து வரும். சரியாக மக்காத தொழு உரத்திலும் அந்தப் புழு இருக்கும் என்பதால், கையில் எடுத்தால் சாணி வாடையின்றி மண்வாடை மட்டும் அடிக்கிற உரமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வளர்ந்த நாவல் மரம் உங்கள் தோட்டத்திலேயே இருந்தால் அதன் அடிமண்ணில் ஒரு கைப்பிடி போடுங்கள். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அதில் இருக்கின்றன, கன்று எடுக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

முதல் ஆண்டு முழுவதும் பச்சை நிழல்வலைக்கு அடியில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டு சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்: முதலில் காலை வெயில் மட்டும், பிறகு முக்கால் நாள். தண்ணீர் விஷயத்தில் நான் நிறையக் கன்றுகளைக் கொன்றவன். வேலைக்கு வரும் அம்மா ஒரு நாள் பைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “மேலதான் காஞ்சிருக்கு சார், உள்ள சொதசொதன்னு இருக்கு. ஊத்தாதீங்க” என்றார். அன்றிலிருந்து விரல் விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதில்லை.

முழங்காலுக்குச் சற்று மேல் உயரமும், பென்சில் கனத்தில் தண்டும் வந்தால் கன்று நடத் தயார். பெரும்பாலும் பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு நட்டால் புல்லே அதை விழுங்கிவிடும்.

நடவு

நீலகிரியின் மேற்குப் பகுதியில், அதாவது நடுவட்டம், அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம், ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து ஒரு வாரம் ஆனதும் நடலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் பழனி மலையிலும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அப்போது நடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் உறைபனி விழும் இடமாக இருந்தால் அக்டோபர் நடவு எனக்கு உடன்பாடில்லை. வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடுகிறது. மே மாதக் கோடை மழையிலோ ஜூன் சாரலிலோ நட்டு, இடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவதே மேல். பனி விழாத, 1,700 மீட்டருக்குக் கீழான சரிவுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். மேல்மண்ணைத் தனியாகவும் கீழ் மஞ்சள் மண்ணைத் தனியாகவும் குவியுங்கள். குழியின் பக்கச்சுவர் மண்வெட்டி பட்டு வழவழவென்று இருந்தால் கடப்பாரையால் கீறிவிடுங்கள். களிமண் சுவர் தொட்டியைப்போல நீரைப் பிடித்துவைத்து வேரை அழுகவிடும். இரண்டு சட்டி தொழு உரத்தை மேல்மண்ணில் கலந்து அடியில் போட வேண்டும். பையைக் கத்தியால் நெடுக்கே கீறி எடுத்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூர்மையான கத்தரியால் வெட்டிவிட்டு, பையில் இருந்த அதே ஆழத்தில் கன்றை வைத்து மண்ணிட்டு மிதியுங்கள். கிழித்த பையை எண்ணி எடுத்துக்கொண்டு வாருங்கள். அதைத் தின்று கடமான் செத்த கதை இந்த மலைக்குப் புதிதில்லை.

சரிவில் நட்டால் கன்றின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு சிறு வரப்பு போடலாம். மழை மிகுந்த மேற்குப் பகுதியில் அதுவும் வேண்டாம், தண்ணீர் நின்றுவிடும். சுற்றிலும் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை வேரோடு நீக்குங்கள். இங்கே பெரும்பாலான தோட்டங்களில் இருப்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்கூயு புல். அது கொடிபோல ஓடி, ஒரே பருவத்தில் கன்றை மூடி மூச்சடைக்கும். நீக்கிய இடத்தில் இலைதழையை நான்கு விரல் கனத்துக்கு மூட்டாக்காகப் போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள்.

உறைபனி

நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும்போதே கூடாரம் தயாராக இருக்க வேண்டும். உதகைத் தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைப் பனியிலிருந்து காக்க ‘கோத்தகிரி மிலார்’ என்னும் செடியின் தழையை வெட்டிவந்து பந்தல்போலச் செருகுவார்கள். அதுதான் சிறந்த முறை. இலை உதிர்ந்தாலும் குச்சியில் பிடிமானம் இருக்கும்; காற்று புகும், வெளிச்சமும் கொஞ்சம் புகும். கன்றைச் சுற்றி அதைவிட ஒரு முழம் உயரமாக நான்கு குச்சி நட்டு, மேற்புறத்தையும், முக்கியமாகக் கிழக்குப் பக்கத்தையும், மிலாரால் அடைத்துக் கட்டுங்கள். மிலார் கிடைக்காவிட்டால் சீகைத் தழையும் ஆகும். பிளாஸ்டிக் தாளால் நேரடியாகப் போர்த்துவது தவறு. தாள் தொடும் இலையெல்லாம் கருகும், பகலில் உள்ளே வெந்துவிடும்.

கிழக்குப் பக்கம் ஏன் என்றால், உறைந்த இலை மெதுவாக இளகினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முதல் வெயில் நேராக அறைந்து சட்டென்று இளகினால் திசு கிழிந்துபோகும். இரவில் மூட மறந்து காலையில் இலைமேல் வெண்பனி படிந்திருப்பதைப் பார்த்தால், வெயில் தொடுவதற்கு முன் பூவாளியால் சாதாரணக் குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரையுங்கள். வெந்நீர் கூடாது. வெயில் வந்த பிறகு தெளித்துப் பயனில்லை. முந்தைய நாள் மாலையில் வேர்ப்பகுதிக்குத் தண்ணீர் விட்டிருப்பதும் உதவும். ஈர மண் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடுகிறது.

பனியில் கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். கருகல் அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் மார்ச் வரை விடுங்கள். கீழே பச்சை எதுவரை இருக்கிறது என்று நகத்தால் தோலைக் கீறிப் பார்த்து, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.

காட்டெருமையும் மற்றவையும்

காட்டெருமை நாவல் கன்றைத் தேடி வந்து தின்பது குறைவு. வழியில் இருப்பதை மிதித்துவிட்டுப் போவதும், கொஞ்சம் வளர்ந்த தண்டில் கொம்பைத் தேய்ப்பதும்தான் தொல்லை. கடமானும் முயலும் கொழுந்தைத் தின்னும். மூங்கில் பிளாச்சு அல்லது சீகைக் கட்டைகளை முக்கோணமாக நட்டு, நெஞ்சுயரத்துக்குக் கூண்டு கட்டுங்கள். முள்கம்பி வேண்டாம். காட்டெருமை வழக்கமாக இறங்கும் தடத்தில் நட்டிருந்தால் எந்தக் கூண்டும் நிற்காது. இடத்தை மாற்றுவதே புத்தி.

நான் அதிகம் கோபப்படுவது புல்வெட்டும் இயந்திரத்தின் மேல்தான். அதன் நைலான் நரம்பு ஒரு சுற்றில் இளந்தண்டின் பட்டையை மோதிரம்போல உரித்துவிடும். ஒரு மீட்டர் வட்டத்துக்குள் கையரிவாள் மட்டும் என்று சொல்லிவையுங்கள்.

இலைமேல் கொப்புளம்போல முண்டுகள் வந்தால் பூச்சிக்கொல்லி தேடி ஓட வேண்டியதில்லை. நாவலில் அது சாதாரணம், மரம் பொருட்படுத்துவதில்லை. தண்டில் பாசியும் மரப்பாசிப் படலமும் பெரணியும் ஒட்டுவது நோயல்ல, தேய்த்துக் கழுவாதீர்கள். புல்லுருவி வந்தால் மட்டும் அது பிடித்த கிளையோடு வெட்டி நீக்குங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை முதல் இரண்டு வறட்சிக்கு, வாரம் ஒரு குடம் தண்ணீர் போதும். மூன்றாம் ஆண்டிலிருந்து நான் ஊற்றுவதில்லை.

சில்வர் ஓக்கைத் தாதியாக்குதல்

வெளியே தள்ளிய சில்வர் ஓக்கை இங்கே மீண்டும் அழைக்க வேண்டியிருக்கிறது. பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகளின் அடியில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைப் பார்க்கலாம். வெட்டவெளியில் பனியும் வெயிலும் கொல்கிற கன்றை, அந்நிய மரத்தின் அரைநிழல் காப்பாற்றுகிறது. உங்கள் தேயிலை ஓரத்திலோ தோட்டத்திலோ சில்வர் ஓக் ஏற்கெனவே இருந்தால் அதை வெட்டிவிட்டு நாவல் நடுவது இரட்டை நஷ்டம். அதன் தூரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, கிழக்கு வெயிலை அது மறைக்கும் பக்கமாக நாவலை நடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும், மழைக்கு முன் வெட்டுக்காயம் ஆறும்படி, சில்வர் ஓக்கின் கீழ்க்கிளைகளில் இரண்டு மூன்றைக் கவாத்து செய்துவந்தால், நாவல் வளர வளர மேலே வெளிச்சம் திறந்துகொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் தாதியை அனுப்பிவிடலாம். ஆனால் மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலமானாலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கென்று ஒரு குழுவை வைத்திருக்கிறது. விண்ணப்பித்து, பார்வையிட்டு, ஆணை வரக் காலம் பிடிக்கும் என்பதால், வெட்ட நினைக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டே எழுதிக் கொடுங்கள்.

என் மரங்களில் மூத்ததற்கு ஆறாம் ஆண்டு கூடாரம் கட்டுவதை நிறுத்தினேன். அது என்னைவிட உயரமாகியிருந்தது. பனி பெரும்பாலும் தரையை ஒட்டியே கனமாக இருப்பதால், தலை தப்பிவிட்டது என்று நினைத்தேன். ஜனவரி கடைசியில் உச்சிக் கொழுந்து மட்டும் கருகியது. மார்ச்சில் அதற்குக் கீழே ஒரே கணுவிலிருந்து இரண்டு தளிர்கள் எதிரெதிராக எழுந்தன. இரண்டையும் விட்டால் பிற்காலத்தில் கவையாகி, காற்றில் நடுவே பிளக்கும். காற்றடிக்கும் மேற்குப் பக்கம் சாய்ந்திருந்ததை வைத்துக்கொண்டு மற்றதை நகத்தால் கிள்ளினேன். ஜூன் காற்று அதைத் தள்ளித் தள்ளி நேராக்கிவிட்டது.